வேலை இல்லாத பேயை நம்பாதே

பேரா, இஞ்ச கிட்ட வா. அந்தப் போனைக் கீழ வை. பேய் வரேக்க மணி அடிச்சுச் சொல்லிப்போட்டு வராது.

நீயும் உன்ர கூட்டாளியளும் ராத்திரியில கமராவைத் தூக்கிக்கொண்டு திருகோணமலைக் கோட்டைப் பக்கம் பேய் பிடிக்கத் திரியிறியளாம் எண்டு ஊர் முழுக்கக் கதை. நல்ல விசயம். படிச்ச பொடியனுக்கு உத்தியோகம் கிடைக்கேல்லையெண்டால் பேயையாவது தேடத்தானே வேணும். ஆனால் ஏன் அவ்வளவு தூரம் போறாய்? எனக்கு எண்பது தாண்டிப்போச்சு. கொஞ்சம் பொறுத்தியெண்டால் நானே அந்தப் பக்கம் போயிடுவன். பேட்டியை வீட்டுத் திண்ணையிலேயே எடுக்கலாம், பெற்றோல் காசும் மிச்சம்.

அதுக்கு முன்னம் ஒரு புத்தி சொல்லிப்போடுறன், கேள். பேயைக் கண்டால் ஓடாத. விழுந்து கும்பிடவும் வேண்டாம். 'உனக்கு இஞ்ச என்ன வேலை?' எண்டு கேள். வேலை இருக்கிற பேய் தன்ர வேலையைச் சொல்லும். அதை அதன்ர பாட்டில விடு. வேலை இல்லாத பேய் முழுசும். அப்பதான் நீ உசாராக வேணும்.

நீ தேடுற கோட்டைப் பேயிலயிருந்தே துடங்குவம். சுவாமி மலையில, கடலுக்குச் செங்குத்தா இறங்கிற இடத்துக்கு வெள்ளைக்காரன் 'காதலர் பாய்ச்சல்' எண்டு பேர் வைச்சான். பிரான்சினா வான் ரீட் எண்ட ஒல்லாந்தப் பெட்டை, 1687இல, தன்னைக் கைவிட்டிட்டுக் கப்பலேறினவனைப் பார்த்துக்கொண்டே அதிலயிருந்து குதிச்சுச் செத்தாளாம். அவளின்ர ஞாபகத்துக்கு எண்டு ஒரு தூணையும் காட்டுவினம். பிறகு ஆரோ பொறுமைசாலி பழைய பதிவேடுகளைக் கிளறிப் பார்த்தால், குதிச்சாள் எண்ட பெட்டை அதுக்குப் பிறகும் உயிரோட இருந்து கலியாணமும் கட்டியிருக்கிறாள். ஊர் ஒப்பாரி வைச்சுக்கொண்டிருக்க, அவள் கலியாணச் சாப்பாடு போட்டிருக்கிறாள். நீ ராத்திரி ராத்திரியாப் போய்த் தேடுறது அவளைத்தான். குதிக்காதவளின்ர ஆவி அந்தக் கல்லில ஏன் வந்து குந்தப்போகுது?

அவளை விட்டிட்டு அதே மலையில இராவணன் வெட்டைப் பார். மலை பிளந்துபோய் நிக்குது, அடியில கடல் அடிச்சுக்கொண்டே இருக்குது. தாய் கும்பிடுறதுக்காகக் கோணேசர் மலையைப் பேர்க்கப் பார்த்து, இராவணன் வாளால வெட்டின இடம் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். அந்தத் தாய் செத்த பிறகு கிரியை செய்யத் தண்ணி வேணுமெண்டு, அனுராதபுரம் போற றோட்டுப் பக்கம் கன்னியாவில, நிலத்தில ஏழு இடத்தில குத்தினானாம். ஏழும் ஏழு கிணறு. ஏழிலயும் வெந்நீர், ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு. இலங்கையில எரிமலை இல்லை. நிலத்துக்குள்ள ஆழமா இறங்கிச் சூடேறின தண்ணி வெடிப்பு வழியால மேல வருது எண்டு நிலவியல் படிச்சவை சொல்லுவினம். அது சரிதான். ஆனால் அந்தச் சூட்டுக்கு ஒரு மகன்ர துக்கத்தைக் காரணமாச் சொல்லி வைச்ச பாட்டனும் விசரன் இல்லை. தாய் தகப்பனுக்குக் கிரியை செய்ய இண்டைக்கும் சனம் அங்கதான் போகுது. இராவணன்ர வேலை அது, பிள்ளையளுக்குக் கடமையை ஞாபகப்படுத்திறது. பத்துத் தலை உள்ள அரக்கனுக்கே தாயின்ர நினைப்பு இருந்தது. உனக்கு ஒரு தலை, அதிலயும் ரெண்டு காதிலயும் வயர். கொம்மா சாப்பிடக் கூப்பிடுறது கேக்காது, பேய் கூப்பிடுறது மட்டும் கேக்குமாம்.

இந்த மலையில தேட வேறயும் இருக்கு. 17ஆம் நூற்றாண்டில போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லாலயே கோட்டை கட்டினவை. 1950இல கிணறு வெட்டக்குள்ள மண்ணுக்குள்ளயிருந்து விக்கிரகங்கள் வெளியில வந்தது. 1956இல ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில சுழியோடிக் கோயில்ர இடிபாடுகளைக் கண்டவை. சந்திரமண்டலத்துக்குப் போறதைப் பற்றிக் கதை எழுதின மனுசன் எங்கட கடலுக்கு அடியில வந்து கோயில் தூண் பார்த்தார். நீ கரையில நிண்டு புகை தேடுறாய்.

கந்தளாய்க்கு வருவம். குளக்கோட்டன் பூதங்களை ஏவிக் குளத்தைக் கட்டுவிச்சான் எண்டு நாங்கள் சொல்லுவம். சிங்கள ஆக்கள் அக்கபோதி ராசாவின்ர பேரைச் சொல்லுவினம். அவை ரெண்டு பேரும் அடிபடட்டும். நான் கேக்கிறது வேற. மண் சுமந்தவன் ஆர்? கல்லு உடைச்சவன் ஆர்? ராசாவின்ர பேர் ஏட்டில இருக்கு, பூதத்தின்ர பேர் கதையில இருக்கு, கூலிக்காரன்ர பேர் ஒரு இடத்திலயும் இல்லை. அந்தக் கூலிக்காரரைத்தான் ஊர் பூதமாக்கி வைச்சுக் கும்பிட்டுது எண்டு என்ர மனசு சொல்லுது. சம்பளம் குடுக்கிறதைவிடக் கும்பிடுறது மலிவு.

உது எங்கட ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. சுவிற்சர்லாந்தில ஷொல்லனன் எண்ட மலைப்பிளவில ஒரு பாலம் இருக்குது, பேரே சாத்தான் பாலம். மனுசரால கட்ட ஏலாமல் போகச் சாத்தான் வந்து கட்டிக் குடுத்தானாம். முதல்ல பாலம் கடக்கிற உயிர் தனக்கு எண்டு கேட்டானாம். ஊராக்கள் ஒரு ஆட்டைத் துரத்திவிட்டிட்டுப் பாலத்தைத் தங்கட பேருக்கு எடுத்துப்போட்டினம். அங்க புகலிடம் கேட்டுப் போன எங்கட பொடியளுக்கு இந்தக் கதை ஆரும் சொல்லியிருந்தால், வேலைக்குச் சேரேக்கயே சம்பளத்தை எழுத்தில வாங்கியிருப்பாங்கள்.

பூதம் கட்டினது உடையாது எண்டும் ஒரு நம்பிக்கை இருந்தது. 1986 ஏப்பிரல் 20ஆம் திகதி கந்தளாய் அணைக்கட்டு உடைஞ்சுது. நூற்றுக்கு மேல உயிர் போச்சு. கட்டுக்கு மேலால பாரமான வாகனங்களை விட்டதும் ஒரு காரணம் எண்டு பிறகு கதைச்சவை. பூதத்தின்ர வேலை கட்டுறது. பார்த்துப் பராமரிக்கிறது மனுசன்ர வேலை. அதைச் செய்யாமல் விட்டிட்டுப் பூதத்தைச் சாட்டப்படாது.

இனி உன்ர சின்ன வயசை நினைச்சுப் பார். பொழுதுபட்டால் கொம்மா 'வெளியில திரியாத, முனி அடிச்சுப்போடும்' எண்டு உள்ள இழுப்பா. அதே நேரம் கிண்ணியாவிலயும் மூதூரிலயும் உம்மாமார் 'மஃரிபு ஆயிட்டுது, ஜின் திரியிற நேரம், வீட்டுக்குள்ள வா' எண்டு கூப்பிடுவினம். சேருவிலப் பக்கம் சிங்கள அம்மா மகாசோனாவைச் சொல்லி வெருட்டுவா. மூண்டு வீட்டிலயும் பேய் வேற, நேரம் ஒண்டு. ஏனெண்டு கேள். பாம்பு வெளிக்கிடுறதும், நுளம்பு குத்திறதும், யானை காட்டால இறங்கிறதும் அந்த நேரத்திலதான். அந்த மூண்டுக்கும் சாதி சமயம் கிடையாது.

மகாசோனாவின்ர கதை கேட்டிருக்கிறியோ? ஜயசேனன் எண்டு ஒரு பலசாலி. துட்டகைமுனு ராசாவின்ர பெருவீரரில ஒருத்தன் கோட்டயிம்பரன், அவன் ஒரே அடியில இவன்ர தலையைக் கழட்டிப்போட்டான். சனீஸ்வரன் இரக்கப்பட்டு உயிர் குடுக்க வந்தால் தலையைக் காணேல்லை. நேரம் போகுது எண்டு ஒரு கரடியின்ர தலையை வெட்டி ஒட்டினார். அந்த அவசரத்தில முகம் பின்பக்கம் பார்த்த மாதிரி ஒட்டுப்பட்டுப்போச்சு. அண்டையிலயிருந்து அது சந்தியிலயும் சுடலையிலயும் நிண்டு, நடுச்சாமத்தில தனியா வாறவன்ர முதுகில அறையுமாம். அறைஞ்ச கைத்தடம் விடிஞ்சாலும் தெரியுமாம். அதன்ர வேலை, குடிச்சுப்போட்டுச் சந்தியில நிக்கிறவனை நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பிறது. உன்ர கொப்பர் இளந்தாரியா இருக்கேக்க எனக்கு அந்த மகாசோனா எவ்வளவு உதவி எண்டு உனக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்து ஆச்சிமாருக்குக் கொத்தி எண்டு ஒண்டு இருக்கு. பிள்ளைப்பெத்த வீட்டைத் தேடி வந்து தாயையும் சேயையும் பிடிக்குமாம். அதுக்காக வாசலில வேப்பிலை, தலைமாட்டில இரும்பு, 31 கழியும்வரை கண்ட ஆக்களுக்கும் உள்ள இடமில்லை. மலாய்க்காரருக்கு அது பொந்தியானாக், பிள்ளைப்பேற்றில செத்த பெண்ணின்ர ஆவி. இப்பத்தைய ஈராக் மண்ணில மூவாயிரம் வருசத்துக்கு முந்தி இருந்த சனத்துக்கு லமஷ்து. சிங்கத் தலையோட வந்து தொட்டில் பிள்ளையைத் தூக்கும் எண்டு பயந்து, அதை விரட்ட இன்னொரு பேயான பசூசுவின்ர உருவத்தைத் தாய்மார் கழுத்தில கட்டினவை. பேயை வைச்சே பேயை மறிச்ச கெட்டிக்காரச் சனம். கொத்தி இருந்த காலத்தில தடிமன் பிடிச்ச மாமி வாசலோட நிண்டா. இப்ப கொத்தியை மூடநம்பிக்கை எண்டு துரத்தியாச்சு. பிள்ளை பிறந்து மூண்டாம் நாளே பத்துப் பேர் வந்து கன்னத்தில கொஞ்சிப்போட்டுப் படம் எடுக்கினம். கொத்தியைத் துரத்தினது சரி. அது பார்த்த வேலையைப் பொறுப்பெடுக்க ஆளை வைச்சியளோ?

'அப்பு, உதெல்லாம் படிப்பறிவில்லாத சனத்தின்ர கதை' எண்டு நீ சொல்லுவாய். அப்ப றொபேட் நொக்ஸைக் கேள். மசூலிப்பட்டினக் கரையில புயலில பாய்மரம் இழந்த இங்கிலிசுக் கப்பலொண்டு, திருத்திறதுக்கு எங்கட கொட்டியாரக்குடாவுக்கு வந்தது. 1660இல கண்டி ராசாவின்ர ஆக்கள் தகப்பனையும் மகன் நொக்ஸையும் மற்றவையையும் மூதூர்க் கரையில வைச்சுப் பிடிச்சுக்கொண்டு போட்டினம். தகப்பன் காய்ச்சலில செத்தார். மகன் மலைநாட்டில 19 வருசம் இருந்து 1679இல தப்பிப்போய், 1681இல லண்டனில புத்தகம் போட்டார். ஒரு பின்னல் தொப்பியைக் குடுத்து வேதப்புத்தகம் வாங்கி, அதை விடாமல் படிச்ச மனுசன். அவரே எழுதியிருக்கிறார், இந்த நாட்டில இரவில பிசாசு நாய் குரைக்கிற மாதிரிக் கீச்சிட்டுக் கத்தும், அதைத் தான் பல தரம் காதால கேட்டிருக்கிறன் எண்டு. வேதம் படிச்சவனுக்கும் காது ஒண்டுதான்.

அது காட்டில இருக்கிற பெரிய ஆந்தையின்ர சத்தமாத்தான் இருக்கும் எண்டு பறவை ஆராய்ச்சிக்காரர் சொல்லுவினம். சிங்கள ஆக்கள் அந்தக் குரலுக்குரியதை உலமா எண்டு சொல்லி ஒரு கதை வைச்சிருக்கினம். பெண்சாதியைச் சந்தேகப்பட்ட ஒருத்தன், அவள் வெளியில போன நேரம் பிள்ளையைக் கொண்டு கறி சமைச்சு வைச்சானாம். அவள் வந்து சாப்பிடக் குந்தினால் கறிக்குள்ள சின்ன விரல். அப்பிடியே கத்திக்கொண்டு காட்டுக்குள்ள ஓடினவள்தான் இன்னும் கத்துறாள். அந்தப் பேயின்ர வேலை என்ன எண்டு கலியாணம் கட்டப்போற உனக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெண்சாதியின்ர போனை நோண்டுற நேரம் அந்த ஆந்தையை நினை.

கடல் பேயளுக்கும் வேலை இருக்கு. நோர்வேயின்ர வடக்குக் கடலில டிரௌக் எண்டு ஒண்டு, கடலில செத்தவன்ர ஆவி, பாதிப் படகில ஏறி வருமாம். அதைக் கண்டால் அடுத்த சாவு வருகுது எண்டு அர்த்தம். சமாதானம் பேசப் பாதிப் படகில வந்த நோர்வேயை 2002இல நாங்களும் கண்டம், அது வேற கதை. யப்பானில கடலில செத்தவையின்ர ஆவி இரவில படகுக்குக் கிட்ட வந்து 'அகப்பை தா' எண்டு கேக்குமாம். குடுத்தால் அதாலயே தண்ணி அள்ளி ஊத்திப் படகைத் தாட்டுப்போடும். அதால அந்த ஊர்க் கடற்தொழிலாளர் அடியில்லாத அகப்பை ஒண்டைப் படகில வைச்சிருப்பினமாம். இல்லையெண்டு சொல்லிப் பேயைக் கோவப்படுத்தாமல், படகையும் தாழவிடாமல் தப்பிற வழி. உன்ர பெரியப்பன் கைமாத்துக் கேட்டு வரேக்க நான் நீட்டுறதும் உந்த அகப்பைதான்.

அந்த யப்பான்காரர் 1942 ஏப்பிரல் 9 காலமை ஆகாயத்தால வந்து திருகோணமலையில குண்டு போட்டினம். துறைமுகமும் சீனக்குடாவும் எரிஞ்சுது. அந்தச் சண்டைக் காலத்தில வெள்ளைக்கார விமானப்படைக்கும் ஒரு பேய் இருந்தது, கிரெம்லின் எண்டு. எஞ்சின் நிண்டால், திருகாணி கழண்டால், அந்தக் குட்டிச்சாத்தான்ர வேலை. விமானியா இருந்த றோல்ட் டால் 1943இல அதைப் புத்தகமாக்கினார். படிச்ச ஆக்கள், எஞ்சின் தெரிஞ்ச ஆக்கள். ஆனால் விமானி மெக்கானிக்கைப் பேசி, மெக்கானிக் விமானியைப் பேசினால் அடுத்த நாள் சண்டைக்கு ஆர் போறது? பழியைச் சுமக்க ஒரு குட்டிச்சாத்தான் தேவைப்பட்டுது. அதன்ர உத்தியோகம் அது. சண்டை முடிய அதுவும் இளைப்பாறிப்போச்சு.

கடலுக்குள்ள உண்மையான பூதம் பார்க்க ஆசையெண்டால் பங்குனிக்குப் பிறகு கடல் அடங்கின காலமைப் பொழுதில கோணேசர் மலையில ஏறி நில். நீலத் திமிங்கிலம், எண்பதடி, மூச்சு விட்டால் தண்ணி மரம் உயரத்துக்கு எழும்பும். உலகத்தில அதைவிடப் பெரிய விலங்கு இல்லை. துறைமுக வாயிலேயே கடலடி பெரும் பள்ளத்தாக்கா இறங்கிறதால கரைக்குக் கிட்ட வருது. அதுக்குக் கமரா பிடி. அது உன்னைப் பிடிக்காது.

இவ்வளவும் வேலை இருக்கிற பேயள். இனி மற்றதுக்கு வருவம்.

2011 ஆகஸ்ட் மாசம் உனக்குச் சின்ன வயசு. கிறீஸ் பூதம் எண்டு கேள்விப்பட்டிருப்பாய். முந்தின காலத்தில கள்ளர் பிடிபட்டால் வழுக்கிப்போக உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு வருவாங்கள். அவனுக்கு ஒரு வேலை இருந்தது, களவு. 2011இல வந்தது ஒண்டும் களவெடுக்கேல்லை. பொம்பிளையளை வெருட்டிச்சுது, கீறிச்சுது, ஓடிச்சுது எண்டு மலையகத்திலயும் கிழக்கிலயும் யாழ்ப்பாணத்திலயும் ஒரே கதை. ஆம்பிளையள் பொல்லோட விடிய விடியக் காவல் இருந்தினம். ஊருக்குப் புதுசா வந்த ஏழையளையும் வழிதெரியாமல் வந்தவையையும் பூதமெண்டு பிடிச்சு அடிச்ச இடமும் உண்டு. அடியில செத்தவையும் உண்டு. கிண்ணியாவில பூதம் கடற்படை முகாம் பக்கம் ஓடிச்சுது எண்டு சனம் அங்க திரண்டுது, கலவரமாப் போச்சு. புத்தளத்தில ஒரு பொலிஸ்காரர் உயிரை விட்டார். பூதமும் இல்லை ஒண்டுமில்லை, வதந்தி எண்டு அரசாங்கமும் படையும் சொல்லிச்சுது. சனம் நம்பேல்லை. அந்த மாசக் கடைசியிலதான் கனகாலமா இருந்த அவசரகாலச் சட்டம் முடிஞ்சுது. ரெண்டையும் முடிச்சுப் போட்டுக் கதைச்சவை இருந்தினம். நான் முடிச்சுப் போடேல்லை. நான் கிழவன், எனக்குக் கை நடுங்கும்.

ஒண்டு மட்டும் சொல்லுறன். முனி எண்டால் புளியடிக்குப் போகாத எண்டு சொல்லும். மகாசோனா எண்டால் சந்தியில நிக்காத எண்டு சொல்லும். கிறீஸ் பூதம் என்ன சொல்லிச்சுது? ஒண்டும் சொல்லேல்லை. பயம் மட்டும்தான் மிஞ்சிச்சுது. பக்கத்து வீட்டுக்காரனை, பக்கத்து ஊர்க்காரனை, மற்றப் பாசைக்காரனைச் சந்தேகப்படப் பண்ணிப்போட்டு மறைஞ்சு போச்சு.

அதுக்குச் சொந்தக்காரர் உலகம் முழுக்க இருக்கினம். மலாயாவில உடம்பெல்லாம் எண்ணெய் பூசின ஓராங் மினியாக். பி. ராம்லி 1958இல அதை வைச்சுப் படமே எடுத்தார். லண்டனில 1837இலயும் 1838இலயும் மதில் பாய்ஞ்சு வந்து பொம்பிளையளை வெருட்டின ஜாக். டெல்லியில 2001 மே மாசம் குரங்கு மனுசன். வெக்கைக்கு மொட்டைமாடியில படுத்த சனம், 'அது வருது' எண்ட சத்தத்துக்குக் குதிச்சுச் செத்துதுகள். குரங்கு ஒருத்தரையும் கொல்லேல்லை, பயம் கொண்டுது. இதுகளைவிடப் பெங்களூர்ப் பேய் நல்ல குணம். 1990களில அது கதவைத் தட்டுமாம். சனம் கதவில 'நாளைக்கு வா' எண்டு கன்னடத்தில எழுதி வைச்சுது. பேய் வாசிச்சுப்போட்டுத் திரும்பிப் போய் அடுத்த நாள் வருமாம், திரும்பவும் வாசிக்குமாம், திரும்பவும் போகுமாம். இதே வசனத்தைச் சொல்லித்தான் கந்தோருகளில எங்களை எத்தினை வருசமாத் திருப்பி அனுப்புறாங்கள். நாங்களும் சொல்லுக் கேட்டுத் திரும்பி வாறம். பேய் ஆரெண்டு நீயே முடிவு பண்ணு.

இப்ப போனுக்குள்ளயும் பேய் வந்திட்டுது. இருட்டில ஆடுற ஒரு சேலையைக் காட்டி 'கடைசிவரை பாருங்கோ' எண்டு போடுறாங்கள். மை பார்க்கிறவரும் நவீனம். கனடாவில இருக்கிறவருக்கு வட்ஸ்அப்பில வெத்திலையைக் காட்டிச் செய்வினை கண்டுபிடிச்சுக் குடுக்கிறார். கழிப்புக் கழிக்கக் கறுத்தச் சேவலும் தேசிக்காயும் சாராயமும் கேக்கிற ஆளையும் எனக்குத் தெரியும். கழிப்புக்கு அடுத்த நாள் மத்தியானம் அவர்ர குசினிப் பக்கம் ஒருக்கா மூக்கை நீட்டிப் பார், உன்ர சேவலின்ர ஆவி எங்க நிக்குது எண்டு தெரியும். சூலம் நட்டு வைரவரைக் கும்பிடுற கிழவியை நக்கலடிக்காத. அவ ஒருத்தரிட்டயும் ரசீது எழுதேல்லை. பேயின்ர பேரில காசு கைமாறினால் அங்கதான் நில், பார், கேள்.

பகிடி விடக்கூடாத இடமும் இருக்கு. 2004 மார்கழி 26க்குப் பிறகு கன நாள் எங்கட கரையில இரவில ஆரோ கூப்பிடுற மாதிரிக் கேக்குது எண்டு சொன்ன சனத்தை எனக்குத் தெரியும். நான் சிரிக்கேல்லை. யப்பானில 2011 சுனாமிக்குப் பிறகு இஷினோமாக்கி எண்ட ஊரில டக்சிக்காரர் சிலர் சொன்னவை, இரவில ஆரோ ஏறி, இப்ப இல்லாத தெருவின்ர பேரைச் சொல்லி இறக்கிவிடச் சொன்னவை, திரும்பிப் பார்த்தால் சீற்றில ஆளில்லை எண்டு. அதை ஆராய்ஞ்சு எழுதினவையிட்டை அவை பயத்தைப் பற்றிக் கதைக்கேல்லை. திரும்பவும் வந்தால் ஏத்துவம் எண்டினம். அந்த ஆவிக்கும் வேலை இருக்கு, வீட்டுக்குப் போறது.

எங்களிட்டை வேற ஒரு கூட்டம் இருக்கு. சண்டைக் காலத்தில கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வராதவை. அவையின்ர படத்தை நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு தாய்மார் வருசக்கணக்கா றோட்டில குந்தியிருக்கினம். அந்தப் பிள்ளையளுக்கு ஆளெண்டு பங்கீட்டு அட்டையும் இல்லை, ஆவியெண்டு ஒரு பிடி சோறும் இல்லை. செத்தவனுக்குக் கன்னியாவில கிரியை செய்யலாம். இருக்கிறவனுக்குக் கோணேசரிட்டை நேர்த்தி வைக்கலாம். ரெண்டும் தெரியாதவனுக்கு எந்தப் பரிகாரியும் வழி சொல்லேல்லை. உனக்கு ராத்திரி முழிச்சிருக்கத்தான் வேணுமெண்டால், அந்தத் தாய்மாருக்குப் பக்கத்தில போய் ஒரு இரவு முழிச்சிரு.

ஆகையால பேரா, வாசிக்கிற மற்றப் பிள்ளையளுக்கும் சேர்த்துச் சொல்லுறன். கமராவைக் கோட்டைச் சுவரில பிடிக்கிற நேரத்துக்கு, மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், வெருகல், சேருவில எண்டு ஒரு சுத்துச் சுத்துங்கோ. ஒவ்வொரு ஊரிலயும் மிச்சமிருக்கிற ஆச்சி, உம்மம்மா, ஆத்தம்மா எல்லாரையும் கண்டு, அவையின்ர ஊர்ப் பேய் எது, அது எங்க நிண்டது, என்ன வேலை பார்த்தது எண்டு கேட்டு எழுதி வையுங்கோ. வெருகல் பக்கத்து வேடர் தங்கட முன்னோரின்ர ஆவியளைக் கூப்பிட்டுக் கும்பிடுறதையும் கேட்டு எழுதுங்கோ, அவைதான் எங்கள் எல்லாருக்கும் முந்தி இந்த மண்ணில இருந்தவை. வேலை பார்த்த பேயளுக்கு அந்த மரியாதை நாங்கள் குடுக்க வேண்டிய கடன். அதோட, நாளைக்கு ஊருக்குள்ள புதுசா ஒரு பேய் வந்தால், பயப்படுறதுக்கு முந்தி ஒண்டு விசாரியுங்கோ. தனக்கெண்டு வேலை இல்லாத பேய் வேற ஆருக்கோ வேலை செய்யுது. சம்பளம் குடுக்கிறது ஆர்?